குழந்தைகள் வார்டில் மருந்தாளுநருக்கு ஒரு வருடம்

பி.ஃபார்ம். முடித்த புதிதில் ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் ஒரு மெடிக்கலில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஒருநாள் சாயங்காலம் மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு ஆத்தா உள்ளே வந்தார். இடுப்பில் பேரன், தொட்டாலே சுடுகிற காய்ச்சல். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினார்.

"ஏய்யா, போன தடவ ரெண்டு சங்கு குடுக்கச் சொன்னீக. இதுலயும் அதே ரெண்டு சங்குதானே? பக்கத்து வீட்டுல குடுத்தாக."

"சங்கு கையில இருக்கா ஆத்தா?"

இருந்தது. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு. அவர் வழக்கமாக ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அதை ஒரு சிரிஞ்சில் உறிஞ்சிப் பார்த்தேன். 3 மி.லி. ஆக, இரண்டு சங்கு 6 மி.லி. போன தடவை அவர் வாங்கிப் போனது 5 மி.லி.யில் 125 மி.கி. பாரசிட்டமால் இருக்கிற சிரப். பேரன் 10 கிலோ. கிலோவுக்கு 15 மி.கி. என்று போட்டால் 150 மி.கி. வேண்டும், 6 மி.லி. சிரப் கச்சிதமாகப் பொருந்தும். இந்தத் தடவை அவர் கையில் இருந்ததோ டிராப்ஸ். அதில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. அதே இரண்டு சங்கு இப்போது 600 மி.கி. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுக்கக்கூடிய உச்ச அளவு ஒரே வேளையில் உள்ளே போயிருக்கும். காய்ச்சல் விடவில்லை என்றால் ஆறு மணி நேரத்தில் இன்னும் இரண்டு சங்கு.

ஆத்தா மேல் தப்பே இல்லை. சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருந்தார், சந்தேகம் வந்ததும் கேட்கவும் வந்தார். மருந்தின் பெயர் ஒன்று, பாட்டில் மூன்று விதம்: 125 சிரப், 250 சிரப், டிராப்ஸ். 10 கிலோ பிள்ளைக்கு முதலாவதில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., மூன்றாவதில் 1.5 மி.லி. இதை அன்றைக்கு நான் கண்டுபிடித்தது தற்செயல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான்கு வருடப் படிப்பில் பாரசிட்டமாலின் வேதியியல் அமைப்பைப் பலமுறை வரைந்திருக்கிறேன். ஒரு குழந்தையின் எடையைக் கேட்டு, மருந்தை அளந்து, கொடுக்கிறவர் கையில் அது எப்படிப் போகிறது என்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

குழந்தை மருந்து ஒரு தனித் தொழில். புத்தகத்தில் படித்து வராது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, வார்டில் நாள்கணக்கில் செய்து பழகினால்தான் கைக்கு வரும். சில நாடுகளில் இதற்கென்றே ஒரு வருடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ராமநாதபுரம் கரைக்கு அந்த ஒரு வருடம் ஏன் வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு மருந்து கொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஐம்பது கிலோ ஆளும் எண்பது கிலோ ஆளும் பெரும்பாலும் ஒரே மாத்திரையைத்தான் விழுங்குகிறார்கள். குழந்தைகள் பிரிவில் ஒரு கிலோகூடத் தேறாத குறைமாதப் பிள்ளையும் இருக்கும், ஐம்பது கிலோ எட்டிய பதினைந்து வயதுப் பையனும் இருப்பான். எல்லாம் எடைக் கணக்குதான். மருந்துக் கம்பெனிகள் அடைத்து அனுப்புவதோ பெரும்பாலும் பெரியவர் அளவில்.

ஜென்டாமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கும் கிடைக்கிற ஆம்பியூல், அதாவது உடைத்து எடுக்கிற சின்னக் குப்பி, 2 மி.லி., அதில் 80 மி.கி. பிறந்து சில நாளான ஒன்றரைக் கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்று டாக்டர் எழுதினால், வேண்டியது 7.5 மி.கி. அதாவது 0.19 மி.லி. அந்த அளவில், ஊசியின் கழுத்தில் தேங்கி நிற்கிற துளிகூடக் கணக்கில் வரும். ஆம்பியூலை முழுசாக இழுத்துப் போட்டுவிட்டால் பத்து மடங்குக்கு மேல் போய்விடும், ஆனாலும் சிரிஞ்சைப் பார்க்கிற கண்ணுக்கு அது சந்தேகமே தராது. 2 மி.லி. ஊசி எல்லோரும் தினமும் போடுகிற ஊசிதானே. பெரியவர் ஒருவருக்குப் பத்து மடங்கு மருந்து கொடுக்க வேண்டும் என்றால் பத்து ஆம்பியூலை உடைக்க வேண்டும், உடைக்கும்போதே யாராவது "என்ன இது?" என்று கேட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் காவல் கிடையாது.

2006இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இதுதான் நடந்தது. குறைமாதக் குழந்தைகளின் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் செலுத்துகிற ஹெப்பாரின், 1 மி.லி.யில் 10 யூனிட் இருக்க வேண்டியது. பார்ப்பதற்கு அதேபோல் இருந்த, 10,000 யூனிட் குப்பி அலமாரியில் மாறி உட்கார்ந்துவிட்டது. மூன்று குழந்தைகள் இறந்தன. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2001இல், அந்நாட்டிலேயே வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியிருந்தது. இரண்டு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு எழுதப்பட்ட 10,778 மருந்துச் சீட்டுகளைப் பார்த்ததில் 616 பிழைகள். பெரியவர்களோடு ஒப்பிட்டால் பிழையின் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் உடலுக்கு ஊறு செய்யக்கூடிய பிழை குழந்தைகளிடம் மூன்று மடங்கு. அவற்றில் 94 சதவீதத்தை வார்டிலேயே இருக்கிற ஒரு மருந்தாளுநர் தடுத்திருக்க முடியும் என்று ஆய்வில் பங்கெடுத்த டாக்டர்களே மதிப்பிட்டார்கள். கீழ்த்தளத்து ஜன்னலில் உட்கார்ந்து மருந்தை எடுத்துக் கொடுக்கிறவரால் இது ஆகாது. கட்டில் ஓரத்தில் நிற்கிறவர் வேண்டும்.

அளவு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றும் இல்லை. பச்சிளம் பிள்ளையின் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முழு வேலைக்கு வந்திருக்காது. 1950களில் குளோராம்பெனிகால் என்கிற ஆன்டிபயாட்டிக் கொடுத்த பச்சிளங்குழந்தைகள் உடல் சாம்பல் பூத்து இறந்தபோதுதான், அந்த மருந்தை வெளியேற்றும் திறன் அந்தக் கல்லீரலுக்கு இன்னும் வரவில்லை என்பது உலகத்துக்குப் புரிந்தது. இன்றும் வார்டில் தினமும் பயன்படுகிற செஃப்ட்ரியாக்சோன் என்கிற ஆன்டிபயாட்டிக் ஊசி, பிறந்து 28 நாளுக்கு உட்பட்ட பிள்ளைக்கு கால்சியம் கலந்த டிரிப்போடு போகக் கூடாது. இரண்டும் சேர்ந்து படிகமாகிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியான மருந்து, சரியான அளவு. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க ஒரு ஆள் இருந்தால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரியும்.

சரி, அந்த ஆளை எப்படி உருவாக்குகிறார்கள்?

அமெரிக்காவில் ஃபார்ம்.டி. என்கிற மருந்தாளுநர் பட்டப்படிப்பை முடித்து உரிமம் வாங்கினாலே மருந்தாளுநராக வேலை பார்க்கலாம். மருத்துவமனை வார்டில் நிற்க விரும்புகிறவர்கள் அதற்குப் பிறகு ரெசிடென்சி என்கிற மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிறார்கள். முதல் வருடம் பொதுப் பயிற்சி. இரண்டாம் வருடம் ஏதாவது ஒரு துறை, குழந்தைகள் மருந்தியலும் அதில் ஒன்று. சில குழந்தைகள் மருத்துவமனைகளில் முதல் வருடத்தையே குழந்தைகளோடு கழிக்கலாம். இந்தப் பயிற்சிகளுக்குத் தரம் வகுத்து அங்கீகாரம் கொடுப்பது ஏ.எஸ்.எச்.பி. என்கிற மருத்துவமனை மருந்தாளுநர்கள் அமைப்பு. 1960களிலிருந்து இதைச் செய்து வருகிறது. இடம் கிடைப்பதும் லேசு இல்லை. டாக்டர்களுக்கு நடப்பது போலவே விண்ணப்பம், நேர்காணல், இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுத்துப் பொருத்துவது என்று ஒரு பெரிய நடைமுறையே இருக்கிறது. அந்த வருடத்தில் கிடைக்கிற சம்பளம், வெளியில் நேராக வேலைக்குப் போனால் கிடைப்பதைவிடக் குறைவு. அப்படியும் போகிறார்கள்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே ரெசிடென்ட் வார்டுக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் இன்றைய எடை, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது, ரத்தத்தில் மருந்தின் அளவு எல்லாம் பார்த்துக் கணக்கை முடித்து வைத்திருக்க வேண்டும். ரவுண்ட்ஸில் கூடவே நின்று பேச வேண்டும். சில வாரம் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே ரத்தக்குழாய் வழியே போகிற ஊட்டத் திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து உறையாமல் அளவு போட வேண்டும். அப்புறம் புற்றுநோய்ப் பிரிவு, பிறகு தொற்றுநோய்ப் பிரிவு. ஒரு பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால் ஓட வேண்டும். அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி., அதைப் பத்து மடங்கு நீர்த்து, மி.லி.யாக மாற்றி, எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிற அறையில் கை நடுங்காமல் இழுத்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர்கள் கற்றுக்கொடுக்கிற முறை. மூத்தவர் நான்கு படிகளில் நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். முதலில் சொல்லிக்கொடுப்பது. அடுத்து, தான் செய்வதையும் தான் யோசிப்பதையும் வாய்விட்டுச் சொல்லியபடி செய்து காட்டுவது. மூன்றாவது, இளையவரைச் செய்யவிட்டுப் பக்கத்திலேயே நின்று திருத்துவது. கடைசியில், கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு தனியாகச் செய்ய விடுவது. பாம்பன் கரையில் யாரிடம் இதைச் சொன்னாலும் உடனே புரிந்துகொள்வார்கள். பையனை முதல் நாளே சுக்கான் பிடிக்க விடுவதில்லை. பிடிக்க விட்ட பிறகும் பெரியவர் ஒருவர் அணியத்தில் படுத்திருப்பார், தூங்குவது போலத்தான் இருக்கும்.

நம் நாட்டில் மருந்தாளுநர் வார்டுக்குள் வந்த கதை கொஞ்சம் புதிது. 1990களின் பிற்பகுதியில் ஊட்டி, மைசூரு ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் மருத்துவமனையோடு இணைந்த எம்.ஃபார்ம். படிப்பைத் தொடங்கின. 2008இல் இந்திய பார்மசி கவுன்சில் ஆறு வருட ஃபார்ம்.டி.யைக் கொண்டுவந்தது. ஐந்து வருடம் படிப்பு, ஆறாவது வருடம் முழுக்க மருத்துவமனை. பி.ஃபார்ம். முடித்தவர்கள் மூன்று வருடத்தில் இதை முடிக்கலாம், நான் அப்படித்தான் முடித்தேன். அந்தக் கடைசி வருடத்தை விதியிலேயே இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சி என்று எழுதியிருக்கிறார்கள். பொது மருத்துவத்தில் 6 மாதம், வேறு மூன்று துறைகளில் தலா 2 மாதம். குழந்தைகள் துறை அந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காமல் ஒருவர் ஃபார்ம்.டி. முடித்துவிட முடியும்.

எனக்கு 2 மாதம் கிடைத்தது. எந்த மருத்துவமனை என்று சொல்வது நியாயம் இல்லை, எங்கும் நிலைமை ஏறத்தாழ அதுதான். காலையில் ரவுண்ட்ஸில் கடைசி ஆளாக நிற்பேன். கேஸ் ஷீட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். மூன்றாவது வாரம், வலிப்பு வந்து சேர்ந்த ஒரு பெண் பிள்ளைக்கு எழுதியிருந்த அளவு எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது. கணக்கு என்னுடையது தப்பா, சீட்டில் இருப்பது தப்பா என்று கேட்க ஆள் இல்லை. எங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் கல்லூரியில் வகுப்பில் இருந்தார். அரை மணி நேரம் தயங்கி நின்றுவிட்டு நர்ஸ் அக்காவிடம் சொன்னேன், அவர் டாக்டரிடம் சொன்னார், அளவு திருத்தப்பட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. அறிவு என்னிடம் இருந்தது. கூட நிற்க ஆள் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் வாய் திறந்திருப்பேன். அங்கே ஒரு வருடம் நிற்கிறவருக்குக் கிடைப்பதும், எங்களுக்கு 2 மாதத்தில் கிடைக்காமல் போவதும் அந்த ஆள்தான்.

இனி நம் கரைக்கு வருகிறேன். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் ஏறத்தாழ 115. சாயல்குடி, மூக்கையூர் பக்கத்திலிருந்தும், மேலே தொண்டி, தேவிபட்டினம் பக்கத்திலிருந்தும் சீரியஸ் ஆன பிள்ளைகள் இந்த வழியாகத்தான் போகிறார்கள். 2022 ஜனவரி 12இல் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று என்பது பெரிய மாற்றம். கல்லூரி இருக்கிற இடத்தில் பயிற்சியும் இருக்க முடியும்.

இங்கே பயிற்சி எடுக்கிற மருந்தாளுநர் கற்றுக்கொள்வது சென்னையில் கற்றுக்கொள்வதிலிருந்து கொஞ்சம் வேறாக இருக்கும். செந்தேள் கொட்டிய பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலைக் குடிசையும் பனங்காடும் இருக்கிற ஊரில் இது புதுசு இல்லை. மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டே டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் இதற்கு மருந்து கண்டு சொன்னார்: ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற பிராசோசின். அளவு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 0.3 மி.கி., 1 மி.கி. மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 2.5, 5 மி.கி. என்று வருகிற, மெதுவாகக் கரையும் மாத்திரை. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நள்ளிரவில் வருகிற பிள்ளைக்கு வேண்டிய சாதாரண 1 மி.கி. மாத்திரை அலமாரியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பதும், அதைப் பிள்ளையின் அளவுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்திருப்பதும் மருந்தாளுநர் வேலை.

பாம்புக்கடி இதற்கு நேர்மாறு. எல்லாவற்றையும் எடைக் கணக்கில் போட்டுப் பழகிய கை, விஷமுறிவு மருந்தையும் குறைத்துப் போடப் பார்க்கும். கூடாது. பாம்பு பிள்ளை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, அதனால் பெரியவருக்கு எத்தனை குப்பியோ அத்தனையும் பிள்ளைக்கும் வேண்டும். அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும்தான். வலையில் சிக்கி வருகிற கடல்பாம்பு கடித்தால் அது உதவாது. கரையில் வலை பிரிக்கிற இடத்தில் பிள்ளைகள்தான் சுற்றிச் சுற்றி நிற்பார்கள். இது தெரிந்த ஒருவர் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

தண்ணீர் இன்னொரு பாடம். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்கிறோம். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. அதில் கரைத்தால் உப்பின் அளவு கூடிப்போகும், பிள்ளைக்கு அது நல்லதில்லை. காவிரித் தண்ணீர் வருகிற குழாயா, விலைக்கு வாங்குகிற குடமா, ஊற்றுத் தண்ணீரா என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் பவுடர் சிரப்பும் இப்படித்தான். தண்ணீர் கலந்த பிறகு பெரும்பாலானவை ஒரு வாரம்தான் தாங்கும், அதுவும் பலவற்றை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு ஓட்டம் இருக்காது. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தி, மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு என்று அலமாரியில் எடுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. பாட்டிலின் மேல் எந்தத் தேதியில் கொட்டிவிட வேண்டும் என்று பெரிதாக எழுதிக் கொடுத்தால் கேட்கிறார்கள்.

இன்சுலின் போடுகிற பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். குப்பி 1 மி.லி.யில் 40 யூனிட் என்றும் வருகிறது, 100 யூனிட் என்றும் வருகிறது, சிரிஞ்சும் இரண்டு வகை. 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் வைக்கச் சொல்வது நல்ல யோசனைதான். ஆனால் கடற்காற்றில் ஈரம் கூடின நாளில் பானை அவ்வளவாகக் குளிராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்து 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரத்தில். டைஎத்திலீன் கிளைகால் என்கிற நச்சு அதில் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது. தயாரிப்பில் நடந்த குற்றத்துக்கு வார்டு மருந்தாளுநர் பரிகாரம் ஆக முடியாது. ஆனாலும் சிறுநீர் பிரியாமல் அடுத்தடுத்து பிள்ளைகள் வரும்போது, ஒவ்வொரு தாயிடமும் உட்கார்ந்து "வீட்டுல என்னென்ன மருந்து குடுத்தீங்க, பாட்டில் இருக்கா?" என்று கேட்டு எழுதுவதையே வேலையாகக் கொண்ட ஒருவர் இருந்தால், சில பிள்ளைகளுக்கு முன்பாகவே அந்தப் பாட்டில் கவனத்துக்கு வந்துவிடலாம். குழந்தைகள் ரெசிடென்சியில் முதலில் பழக்குகிற வேலைகளில் இதுவும் ஒன்று.

தடை என்ன என்று கேட்டால், முதலாவது பணியிடம். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலைக்கு அடிப்படைத் தகுதி டி.ஃபார்ம். என்கிற டிப்ளமோ. அவர்கள் நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பேருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், ஜன்னலை விட்டு நகர நேரம் இல்லை. அவர்களை மேலே வார்டுக்கு வா என்றால், கீழே வரிசையை யார் பார்ப்பது? ஃபார்ம்.டி. முடித்தவர்களோ வார்டில் இடம் இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனி, மருந்துப் பாதுகாப்புத் தரவு கம்பெனி என்று பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகிறார்கள். என் வகுப்பில் கட்டில் ஓரத்தில் நிற்கிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

இரண்டாவது, கற்றுக்கொடுக்க ஆள். பழகியவர் இல்லாத இடத்தில் பழக வருகிறவர் யாரிடம் பழகுவார்? இதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். முதல் வருடம் ஒரே ஒரு ஆளை உதவித்தொகை கொடுத்து எடுக்க வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் ஆறு மாதம், மதுரை ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் மூன்று மாதம் அங்குள்ள டாக்டர்களோடும் நர்ஸ்களோடும் நிற்க வைக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்துக்கு அவர் ராமநாதபுரம் வர வேண்டும். வந்தவரை மருந்துக் கிடங்கில் உட்கார வைக்காமல், பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு மேசை, ஒரு எடைப் பட்டியல், 1 மி.லி. சிரிஞ்சு ஒரு பெட்டி கொடுத்து அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் வருகிற இரண்டாவது ஆளுக்குக் கேட்க ஒரு ஆள் இருக்கும்.